இருபது சாம்பிள்

ஜன்னலை மூட வேண்டாம் அக்கா, காற்று வரட்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம் இல்லை, அவ்வளவுதான். நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. திருச்சி வரைக்கும் போகிறேன். சித்தி வீட்டில் தங்கிவிட்டு, நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு ஆபீசில் ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். வேலைக்கான இன்டர்வியூ இல்லை. அப்படி இருந்தால் எவ்வளவோ தேவலை. வேலை வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம்.

இதுவா? இது பெல்ட் இல்லை. ஸ்கூல் பையின் வார் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். கையில் வாங்கிப் பாருங்கள், பரவாயில்லை. ஒரு சிப்பாய்க்குத் தொடையில் குண்டு பட்டு ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது என்று வையுங்கள். காயத்துக்கு மேலே இதைச் சுற்றி இழுக்க வேண்டும். அப்புறம் இந்தக் குச்சியைத் திருக வேண்டும், ரத்தம் நிற்கும் வரைக்கும். நின்றதும் குச்சியை இந்தக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். அடிபட்டவனே ஒற்றைக் கையால் கட்டிக்கொள்ளலாம். மூன்று நிமிஷத்துக்குள் கட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் கட்டியும் பயனில்லை.

இங்கிலீஷில் டூர்னிகே. எங்கள் கம்பெனியில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கால்கட்டு என்று வைத்துவிட்டார்கள். "கண்ணாலம் ஆகாத புள்ள, பட்டாளத்துக்கே கால்கட்டுப் போடுது பாரு" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் தையல் லைன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிப்பேன். பதில் சொல்ல மாட்டேன். எனக்குப் பதிலெல்லாம் ராத்திரி வீட்டில் தலை வாரும்போதுதான் தோன்றும்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே இப்போது என்னைப் பேசப் போ என்று அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் முதலாளி சென்னியப்பன், ஜட்டிக்கு இடுப்பு எலாஸ்டிக் நெய்கிறவர். முப்பது வருஷமாக அதுதான் தொழில். திருப்பூரில் ஆர்டர் குறைந்தபோது நாலு தறி சும்மா நின்றது. அப்போதுதான் கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்தில் கர்னல் ஜெயசீலன் சாரைப் பார்த்திருக்கிறார். ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்முனை வைத்தியத்துக்கு வேண்டிய சாமான்களில் பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, இங்கேயே சின்னக் கம்பெனிகள் செய்தால் உருவாக்குகிற செலவில் பாதியை டெல்லியில் ஒரு திட்டத்தில் கொடுக்கிறார்கள் என்று பந்தியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். முதலாளி பாயசத்தைக் கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டாராம். "இடுப்புக்கு நெய்யறவன் தொடைக்கு நெய்ய மாட்டனா?" என்றாராம். இந்தக் கதையை அவர் குறைந்தது நாற்பது தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். பயோமெடிக்கல் என்ஜினியரிங். இன்டர்வியூவில் முதலாளி கேட்டது இரண்டே கேள்வி. "இங்கிலீஷ்ல தப்பில்லாம எழுதுவியா கண்ணு? ரத்தத்தப் பாத்தா மயக்கம் போட மாட்டியே?" அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்தில் நான் ரத்தத்தைப் பார்க்கவே இல்லை. இங்கிலீஷ்தான் எழுதினேன். விண்ணப்பம், இணைப்பு, இணைப்புக்கு இணைப்பு, விளக்கக் கடிதம், விளக்கத்துக்கு விளக்கம். பட்டாளத்துக்காரன் கால் பிழைப்பதற்கு இத்தனை தாள் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

துளசிமணி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பிள் டெய்லர். இருபத்திரண்டு வருஷம். உங்களுக்கே தெரிந்திருக்கும், நம் பனியன் கம்பெனிகளில் சாம்பிள் டெய்லர் என்றால் தனி மரியாதை. தனி ரூம், தனி மெஷின், தனி டீ. ஆர்டர் கொடுக்கிற பையருக்கு முதலில் அனுப்பிக் காட்டுகிற பீஸ் அவர்கள் கையால் தைத்ததாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஆர்டர் வந்த பிறகு லைனில் தைப்பது வேறு. அது எல்லோருக்கும் தெரியும். பையருக்கும் தெரியும். "பொண்ணுப் பாக்க வரும்போது கட்டுற சீலையக் கட்டிட்டா தெனமும் பாத்திரம் வெளக்குவாங்க?" என்பார் துளசிமணி அக்கா. வீட்டில் கேட்டால் கவர்மென்டுக்குப் பாவாடை நாடா தைக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொரு பீஸையும் தைத்து முடித்ததும் தன் தொடையிலேயே கட்டித் திருகிப் பார்ப்பார். ரெண்டு தொடையிலும் வளையம் வளையமாகக் கன்றிப் போயிருந்தது. எனக்கு மட்டும் காட்டினார். "எங்கூட்டுக்காரரு பாத்துட்டு எவ கூடச் சண்ட போட்டேங்கறாரு" என்றார்.

இதில் முக்கியம் தையல்தான் அக்கா. இங்கே பாருங்கள், குச்சியைத் தாங்குகிற இடத்தில் குறுக்கே நெருக்கமாகப் போட்டிருக்கிறதே, இதற்குப் பார்டாக் என்று பெயர். குச்சியைத் திருகும்போது மொத்த இழுப்பும் இந்த விரல் நகத்தளவு இடத்தில்தான் வருகிறது. கர்னல் சார் இதைச் சொல்வார். ஒருநாள் கம்பெனியில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பனி மலையில் ஒரு காவல் போஸ்ட். ஹெலிகாப்டர் வர ஆறு மணி நேரம். ஒரு பையனுக்குக் கட்டியது பாதியில் விட்டுப் போனது. "மறுபடி கட்டறதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார். ஊறுகாயை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டதை நான்தான் பார்த்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் கவனிப்பேன்.

போன சித்திரையில் முதல் கட்ட நிதிக்கான படிவம் வந்தது. அதில் ஒரு வரி. நூறு பீஸ் லைனில் தயாரிக்க வேண்டும், அதிலிருந்து இருபது சாம்பிள் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நான் படித்துத் தமிழில் சொன்னேன். முதலாளி உடனே எழுந்து சாம்பிள் ரூம் கதவைத் தட்டினார். "துளசி, நூறு பீஸ் லைன்ல ஓடட்டும். உன்ற கைல ஒரு இருவது. டெல்லிக்குப் போகுது, பாத்துக்க."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

புரிந்தது என்றால், தப்பு நடக்கிறது என்று புரிந்தது. காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சாம்பிள் வேறு. அரிசி மண்டியில் மூட்டைக்குள் கம்பியைக் குத்தி ஒரு கை எடுத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. எது கையில் வருகிறதோ அது. டெல்லிக்காரர்கள் கேட்டது அந்தச் சாம்பிள். எங்கள் முதலாளி புரிந்துகொண்டது திருப்பூர்ச் சாம்பிள். அவர் ஏமாற்றவில்லை அக்கா. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரே சொல், இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம். நடுவில் இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் இருந்தேன்.

சொல்லத்தான் போனேன். அவர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். இரண்டு போனில் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையால் போனை மூடிக்கொண்டு, "எழுதிட்டியா கண்ணு?" என்றார். "எழுதிட்டனுங்க சார்" என்றேன். கேட்டது அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தில் சாம்பிள் எடுத்த முறை என்று இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில், 'பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி எடுத்தது'. இன்னொன்றில், 'வேறு முறை, விளக்குக'. விளக்குவதென்றால் மறுபடி அந்த வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். முதல் கட்டத்தில் டிக் போட்டேன். ஒரு டிக்தான். அதையும் அவர் கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். பார்த்திருக்கலாம்.

இருபதும் பாஸ். ஒன்று கூட அசையவில்லையாம். ஆடியில் நிதி வந்தது. புது ஆட்டோமேட்டிக் பார்டாக் மெஷின் வாங்கினார்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, துளசிமணி அக்கா கற்பூரம் காட்டினார். தனி லைன் போட்டுப் பதினொரு பெண்களை எடுத்தார்கள். பாதிப் பேர் வேறு கம்பெனி மூடி வேலை போனவர்கள். பேப்பரில் கூட வந்தது. 'உள்ளாடைத் தறியில் உயிர் காக்கும் கவசம்' என்று. போட்டோவில் முதலாளி, கர்னல் சார், மெஷின். ஓரத்தில் ஒரு தோள் மட்டும் தெரியும், அது நான். கீழே பெயர் போடவில்லை. விண்ணப்பத்தின் நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் நான் எழுதியது அக்கா. மெஷினுக்குக் கூட மாடல் நம்பர் போட்டிருந்தார்கள். நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. அந்தப் பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன்.

லைன் ஓட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு சின்ன ரூமும் ஒரு சோதனை ஸ்டாண்டும் கொடுத்தார்கள். தினமும் ஒரு பத்துப் பீஸ் எடுத்து மாட்டி, இழுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு பீஸ் விட்டது. டப் என்று ஒரு சத்தம், சட்டைப் பட்டன் தெறிக்கிற மாதிரி. மறுநாள் இல்லை. அதற்கு மறுநாள் ஒன்று. நூற்றுக்கு ஆறு, ஏழு என்று வந்தது. எல்லாம் அந்த நகத்தளவு இடத்தில்தான். நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். தேதி, பீஸ் நம்பர், எந்த இடம், எவ்வளவு இழுப்பில். அந்த நோட்டைப் பார்த்தால் அழகாக இருக்கும் அக்கா, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு துண்டுத்தாளில் எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். 'பார்டாக் தையல் பற்றிப் பேச வேண்டும்' என்று. மறுநாள் போய்ப் பார்த்தால் அதன் மேல் டீ டம்ளர் இருந்தது. எழுத்துக் கலைந்து வட்டமாக ஒரு கறை. படித்தாரா இல்லையா தெரியாது. படித்திருந்தால் கூப்பிட்டிருப்பார் இல்லையா?

கர்னல் சார் மாதம் ஒருமுறை வருவார். வந்ததும் என் ரூமை எட்டிப் பார்த்து, "எல்லாம் நல்லாப் போகுதாம்மா?" என்பார். "நல்லாப் போகுதுங்க சார்" என்பேன். நீங்களே சொல்லுங்கள் அக்கா, அது கேள்வியா? நலம் விசாரிக்கிறார். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பதில்லையா? அந்த விசாரிப்புக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியுமா?

கார்த்திகையில் நாற்பது பீஸ் வடக்கே போனது. ஒரு படைப்பிரிவுக்கு, பயிற்சிக்கு. பயிற்சிக்குத்தான். கூடப் போகிற கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். பயிற்சிக்கு மட்டும் என்ற இடத்தில் அடியில் கோடு கூடப் போட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம். இரண்டாம் கட்ட நிதிக்கு முன்னால், நிதி கொடுக்கிற குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. மேஜர் எஸ்தர். ராணுவ டாக்டர், நாகர்கோவில்காரர். பையர் ஆள் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? அதைத்தான் செய்தார்கள். தரை கழுவி, ட்யூப்லைட் மாற்றி, பெட்டி ஒவ்வொன்றிலும் மேலடுக்குக்குத் துளசிமணி அக்கா தைத்த பீஸ். விருந்தாளி வந்தால் புதுப் போர்வை விரிப்பதில்லையா? கீழே இருப்பதில் கோளாறு இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. என்னையும் நோட்டையும் தவிர.

மேஜர் மேடம் வந்தார். குட்டையாக, கட்டையாக, கையில் வாட்சைத் தவிர ஒன்றுமில்லை. ஷூ சத்தமே கேட்கவில்லை. வரிசையாக ஐந்து பெட்டி. அவர் நேராக என்னிடம் வந்தார். அவ்வளவு பேர் இருக்கும்போது ஏன் என்னிடம் வந்தார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "நீங்க சொல்லுங்க மக்களே, எதிலேர்ந்து எடுக்கட்டும்?" என்றார். அவர்கள் ஊரில் ஒருத்தியைக் கூட மக்களே என்றுதான் கூப்பிடுவார்களாம்.

ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கேட்கிறார். கையை நீட்டினேன். கை எந்தப் பக்கம் போனதோ அதுதான், வேண்டுமென்று செய்யவில்லை. முதல் பெட்டி. அதில் மட்டும் துளசிமணி அக்கா பீஸ் இரண்டு வரிசை ஆழம்.

அவர் ஒரு பீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தையலைத் தடவினார். "அருமையா இருக்கே. இந்த மெஷின் வாங்கினது வீண் போகல்ல" என்றார். முதலாளி முகம் பூரித்துப் போனது.

அப்போது சாம்பிள் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்த துளசிமணி அக்கா ஒரு அடி முன்னால் வந்தார்.

"மெஷினுங்களா? ஏனுங்க மேடம், அது என்ற கைத் தையலுங்க."

"துளசி..." என்றார் முதலாளி.

"இருங்க மொதலாளி. இருவத்திரெண்டு வருசமாத் தைக்கறேன், என்ற தையலுக்கு மெஷினுக்குப் பேரா? மெஷினு தைச்சது அடியில கெடக்குது மேடம். எடுத்துப் பாத்துட்டு எது அருமைன்னு நீங்களே சொல்லுங்க."

பதினொரு பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். மேஜர் மேடம் மண்டி போட்டு உட்கார்ந்து, பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்து இருபது எடுத்தார். "டெஸ்ட் ரூம் எங்க?" என்றார்.

ஸ்டாண்டை ஓட்டியது நான். மாட்டினேன், இழுத்தேன், எடுத்தேன். ஏழாவது பீஸ் டப் என்றது. பதினாறாவது பீஸ் டப் என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். மற்ற எல்லோரும் திடுக்கிட்டார்கள். நான் திடுக்கிடவில்லை. அதை மேஜர் மேடம் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"இது மொதல்லயே தெரியுமா மக்களே?"

நான் குனிந்து அறுந்த பீஸை எடுத்தேன். நிமிர்வதற்குள், அன்றைக்கு வந்திருந்த கர்னல் சார், "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா மேடம். பொறுப்பான பொண்ணு" என்றார். பெரியவர் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

சோதனையில் ஒன்று கூடப் போகக் கூடாது என்பது விதி. நிதி நிறுத்தி வைப்பு.

அன்று சாயங்காலம் துளசிமணி அக்கா என் ரூமுக்கு வந்தார். அழுதிருந்தார். "என்ற வாயாலயே கெடுத்துப்போட்டனே. பதினோரு புள்ளைங்க சோத்துல மண்ணு" என்றார். அறுந்த பீஸைக் கையில் எடுத்தார். நோட்டு மேஜையில் திறந்திருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நான் ஒவ்வொன்றுக்கும் அறுந்த இடத்தைப் படமாக வரைந்து வைத்திருந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு படமாக இறங்கினார்.

"எல்லாமே ஒரே எடத்துலயா?"

"ஆமாங்க்கா."

"எத்தன நாளா?"

"ஐப்பசியிலிருந்துங்க்கா."

என்னைப் பார்த்தார். திட்டவில்லை. எழுந்து போய் அந்த ஆட்டோமேட்டிக் மெஷினில் ஊசியைக் கழற்றி வந்து என் உள்ளங்கையில் வைத்தார். "கூர் ஊசி. மெஷினோட வந்ததையே அப்பிடியே மாட்டி ஓட்டிருக்கறாங்க. எலாஸ்டிக்குல கூர் ஊசி எறங்குனா உள்ள ரப்பர் நூல வெட்டீரும். உருண்ட முனை ஊசி போடோணும். இது பக்கத்துல நின்னு துணி மடிச்சுக் குடுக்கற புள்ளைக்குக் கூடத் தெரியுமே." பெட்டியில் தேடி வேறு ஊசி மாட்டி அஞ்சு பீஸ் ஓட்டினார். நான் ஸ்டாண்டில் மாட்டி இழுத்தேன். ஒன்றும் அசையவில்லை. டீக்காரர் வந்து டம்ளர் வைத்துவிட்டுப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த பத்து நாளில் முன்னூறு பீஸ் இழுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று கூட விடவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு ஒரு போனும் இல்லை. "ஏன் கண்ணு, எங்கிட்டச் சொல்லல?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. "ஒரு ஊசி கண்ணு. நாலு ரூவா ஊசி" என்றார். அப்புறம் அந்தப் படிவத்தை எடுத்து வைத்து, சாம்பிள் என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். அரிசி மூட்டை உதாரணமும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த டிக்கைப் பார்த்தார்.

எனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும் என்று பாருங்கள். ஒன்றரை வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டு, எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்றால்? நான் வாய் திறக்காத பெண் என்று தெரியும்தானே. அவர்கள்தானே கேட்டிருக்க வேண்டும்?

வடக்கே போன நாற்பது பீஸையும் அன்றைக்கே திருப்பி அனுப்பச் சொல்லி முதலாளி தந்தி அடிக்காத குறையாக எல்லா வழியிலும் சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு வந்தது. இரண்டு வரவில்லை. தொலைந்திருக்கும் அக்கா. பட்டாளத்தில் சாமான் தொலைவது சகஜம் என்று கர்னல் சாரே சொன்னார். சொல்லும்போது முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டார். பயிற்சிக்கு மட்டும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன் சார் என்றேன். அவர் திரும்பவில்லை.

நாளைக்குத் திருச்சியில் குழு கூடுகிறது. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து விளக்கலாம் என்று கடிதம். அவர்கள் ஒத்துக்கொண்டால் மறு சோதனை. இல்லாவிட்டால் லைன் மூடல். பதினொரு பேரும் இப்போது தினமும் வந்து ஜட்டி எலாஸ்டிக்கில் பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி தானே வருவதாகத்தான் இருந்தார். அப்புறம், "அந்த நோட்டு உனக்குத்தான் கண்ணு தெரியும். நீதான் போகோணும். முதல் இருவது பீஸ்ல இருந்து அல்லாத்தயும் ஒளிக்காமச் சொல்லிரு. எத்தன மாசமாத் தெரியும்ங்கறதையும் சொல்லிரு. நம்மள நம்பறதா இல்லையான்னு அவங்க முடிவு பண்ணட்டும்" என்றார். பழியை என் தலையில் கட்டி அனுப்புகிறார் என்று தோன்றுகிறது இல்லையா உங்களுக்கு? துளசிமணி அக்கா கூட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, "வாயத் தொற சாமி, ஒரு நாளைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பேச மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நான்கு பக்கம் டைப் செய்து வைத்திருக்கிறேன். ஐந்து பிரதி. போனதும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவேன். ஊசி, ரப்பர் நூல், முன்னூறு பீஸ் கணக்கு, படம், எல்லாம் இருக்கிறது. சாம்பிள் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று கூட ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். ஐப்பசி என்பதை மட்டும் போடவில்லை. 'கோளாறு கண்டறியப்பட்டதும் சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லையே அக்கா? கண்டறிந்தது துளசிமணி அக்கா. அவர் கண்டறிந்ததும் சரிசெய்தாகிவிட்டது. எப்போதிருந்து தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். கட்டாயம் சொல்லிவிடுவேன். அந்த இரண்டு பீஸையும் கேட்டால் சொல்வேன். மேஜர் மேடம் வருவார் என்று நினைக்கிறேன். அவர் கேட்கிற மாதிரி ஆள்தான்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? வெள்ளகோவிலா? வெள்ளகோவில் போய்க் கால் மணி நேரம் ஆகிறதே அக்கா. இது தென்னிலையை நெருங்கிவிட்டது. ஆமாம், நீங்கள் வெள்ளகோவிலுக்குத்தான் டிக்கெட் எடுத்தீர்கள், எனக்குக் கேட்டது. ஸ்டாண்டுக்குள் வண்டி நின்றபோது கூட நினைத்தேன், இந்த அக்கா இறங்க வேண்டுமே என்று. நீங்கள் என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நடுவில் எப்படி நிறுத்துவது?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. கண்டக்டர் முன்னால்தான் நிற்கிறார். ஒரு சத்தம் கொடுங்கள், நிறுத்திவிடுவார். நானா? இல்லை அக்கா, நீங்களே கூப்பிடுங்கள்.